மேல் டிவிஷன் விலாசம்

2023ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆம் திகதி காலை, கொஸ்லந்த நகருக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனில், ஒரு மனிதன் தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் காம்பரா ஒன்றின் பூட்டிய கதவை மண்வெட்டியால் உடைத்தான். உள்ளே யாரும் இருக்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பதுளை பஸாரில் டயர் கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்த அலுவலகத்துக்கு ஜெமீலா மூச்சு வாங்கப் படியேறி வந்தார். அடி உதை தாங்காமல் வீட்டைவிட்டு வெளியேறும் பெண்களுக்கு உதவும் 'கைவிளக்கு' நிலையத்தின் பொறுப்பாளர் அவர். நாற்காலியில் உட்கார்ந்தவர் கைப்பையை மடியிலிருந்து இறக்கவில்லை.

"றுஷ்தா, வெளிய சொல்ல ஏலாத விஷயம். எங்கட நிலையத்துக்குள்ள ஒரு ஆள் காட்டிக்கொடுத்திருக்கு."

றுஷ்தா பிளேன்டீயை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். கொழும்பில் ஒரு வங்கியின் மோசடி விசாரணைப் பிரிவில் வேலை பார்த்து, தாயின் நோய்க்காக ஊர் திரும்பி, இந்தத் துப்பறியும் அலுவலகத்தைத் திறந்தவர். அவர் அவசரப்பட்டு ரிப்கான் பார்த்ததே இல்லை. ரிப்கான் அதற்கு நேர்மாறு. அவன் முன்பு பத்திரிகை நிருபராக இருந்தவன்; பத்திரிகை நின்றுபோன பிறகு றுஷ்தாவிடம் உதவியாளனாகச் சேர்ந்தான். செய்தி கையில் வருமுன்பே தலைப்பு எழுதிவிடும் பழக்கம் மட்டும் அவனை விட்டுப் போகவில்லை.

ஜெமீலா சொல்லச் சொல்ல விஷயம் விளங்கியது. லெட்சுமி என்ற பெண் இரண்டு மாதத்துக்கு முன் புருஷனை விட்டு வந்தவள். புருஷன் வடிவேல் பதுளையில் ஒரு கடைக்கு லொறி ஓட்டுகிறான். அவள் விலா எலும்பை ஒருமுறை முறித்தவன். நிலையத்தார் அவளைக் கொஸ்லந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் மறைத்து வைத்தார்கள். அந்த விலாசம் ஒரே ஓர் இடத்தில்தான் பதியப்பட்டிருந்தது: நிலையத்தின் இணையச் செயலியில். உத்தியோகத்தர்கள் தத்தம் பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போய், பெண்களின் வாக்குமூலம், மருத்துவ அறிக்கை, தங்கும் இடம் எல்லாவற்றையும் அதில்தான் எழுதுவார்கள்.

"திங்கட்கிழமை கோர்ட்டில வழக்கு. நேத்துக் காலையில அவன் அங்க போய்க் கதவை உடைச்சிட்டான், றுஷ்தா. நேத்தே லெட்சுமியை மொனராகலைக்கு அனுப்பிட்டோம். புது விலாசத்தை ராத்திரி நானே செயலியில பதிஞ்சேன். யார் சொன்னதென்டு தெரியாம இருந்தா அங்கயும் போவான். அடுத்த முறை காம்பரா வெறுமையா இருக்காது."

"யார் மேல சந்தேகம்?"

ஜெமீலா ஜன்னல் பக்கம் பார்த்தார். "கம்சலா. லெட்சுமியின் கேஸைப் பார்க்கிற பிள்ளை. புதன்கிழமை பகல் லெட்சுமியின் பக்கத்தைத் திறந்தது கம்சலாவின் பேர்லதான் என்டு செயலி காட்டுது. அப்ப அவள் நிலையத்தில தனியா இருந்திருக்கிறாள். நேத்துப் பின்னேரம் அவளிட்ட லெப்டொப்பையும் அலுமாரிச் சாவியையும் வாங்கிட்டு வீட்டில இருக்கச் சொல்லிட்டேன்."

"உடைபட்ட காம்பராவில லெட்சுமி ஏன் இருக்கல்ல?"

"மேல் டிவிஷன் காம்பரா மழைக்கு ஒழுகினதாம். ஞாயிற்றுக்கிழமையே கீழ் டிவிஷனுக்கு மாறிட்டாளாம். நேத்துத்தான் எனக்கே தெரியும். அந்த ஒழுக்குத்தான் அவளைக் காப்பாத்தினது."

"தோட்டத்து ஆட்களுக்கு அவள் மாறினது தெரியும்தானே?"

"தெரியாம? பானை சட்டியோட, காலையில எல்லாரும் கூடுற பெரட்டுக் களத்தைத் தாண்டித்தானே போயிருப்பாள்."

றுஷ்தா எழுந்து குடையை எடுத்தார். படியிறங்கும்போது ரிப்கான் காதோடு சொன்னான்: "ராத்தா, எனக்குக் கிட்டத்தட்ட முடிவே தெரிஞ்சுட்டு. செயலியைக் கட்டினவன்தான். எல்லாச் சாவியும் அவன் கையிலதானே?"

"கிட்டத்தட்டத் தெரிஞ்சதை வாய்க்குள்ளயே வெச்சிருங்க தம்பி," என்றார் றுஷ்தா.

கைவிளக்கு நிலையத்துக்குப் பெயர்ப்பலகை கிடையாது. பழைய வீடொன்றின் முன்னறையில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருவன் ரிஷி, செயலியைக் கட்டிய இளைஞன். மற்றவர் கம்சலா. ஹாலிஎல பக்கத் தோட்டமொன்றில் பிறந்து, படித்து, இந்த வேலைக்கு வந்தவர். அழுதழுது கண்ணிமை தடித்திருந்தது. காலடியில் 'செவ்வந்தி ஜவுளி மாளிகை' என்று அச்சடித்த சிவப்புப் பை. மேசை இழுப்பறையிலிருந்த தன் பொருட்களை எடுத்துப்போக வந்து, எல்லாவற்றையும் அதற்குள் அடைத்திருந்தார்.

"நான் சொல்லலைங்க," என்றார் கம்சலா, யாரும் கேட்பதற்கு முன்பே. "அந்தப் புள்ளைய வேன்ல கூட்டிட்டு வந்ததே நான்தாங்க. உடுத்துன துணியோட நின்னுச்சு. அன்னைக்கே இதே மாதிரி ஒரு பையில சேலையும் பாவாடையும் கொண்டுபோய்க் குடுத்தேன். நானே காட்டிக்குடுப்பேனா?"

"லெட்சுமி கீழ் டிவிஷனுக்கு மாறினது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

கம்சலா தலையைக் குனிந்தார். "ஞாயித்துக்கெழமையே போன்ல சொல்லிருச்சுங்க. அன்னைக்கே மாத்திப் பதிஞ்சிருக்கணும். வேல மேல வேல... மறந்துட்டேன். அது என் தப்புதாங்க."

"பார்த்தீங்களா!" என்றார் ஜெமீலா. "பதியவும் இல்ல!"

"நல்லவேளை பதியல்ல," என்றார் றுஷ்தா. "ஜெமீலா ராத்தா, வடிவேல் எந்தக் கதவை உடைச்சான்? மேல் டிவிஷன் கதவை. தோட்டத்து ஆள் யாராவது சொல்லியிருந்தா நேரே கீழ் டிவிஷனுக்குப் போயிருப்பான். கம்சலா சொல்லியிருந்தாலும் அப்படித்தான். உலகத்திலேயே லெட்சுமி இன்னும் மேல் டிவிஷன்லதான் இருக்கிறாள் என்டு நம்பினது உங்கட செயலியும் அதை வாசிச்சவங்களும் மட்டும்தான். அவனுக்குச் சொன்ன ஆளுக்குச் செயலியில இருந்தது மட்டும்தான் தெரியும். கம்சலாவுக்கு அதைவிடக் கூடத் தெரியும். அதனால அவர் இல்லை."

ஜெமீலா கைப்பையின் வாரை விரலில் சுற்றினார், அவிழ்த்தார்.

ரிப்கான் மெல்ல ரிஷியின் பக்கம் திரும்பினான். பார்வையில் தலைப்பு தயாராக இருந்தது.

"என்னைப் பார்க்காதீங்க அண்ணன்," என்றான் ரிஷி. "எனக்கு லெட்சுமியையும் தெரியாது, வடிவேலையும் தெரியாது. பாஸ்வேர்ட் எல்லாம் பூட்டுப் போட்டுத்தான் வெச்சிருக்கேன்."

"அப்படியா?" என்றார் றுஷ்தா. "ஜெமீலா ராத்தா, உங்கட போன்ல செயலியைத் திறந்து, பாஸ்வேர்ட் மறந்துட்டுது என்டு அமத்துங்க, பார்ப்போம்."

ஜெமீலா அழுத்தினார். சிறிது நேரத்தில் குறுஞ்செய்தி வந்தது. வாசித்தவரின் முகம் மாறிற்று. திரையை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். "என்ட பாஸ்வேர்டையே அனுப்பியிருக்கு. நான் போட்டதை அப்படியே."

றுஷ்தா ரிஷியைப் பார்க்காமல் கம்சலாவிடம் கேட்டார்: "கம்சலா, கொழுந்து ஃபெக்டரிக்குள்ள போய்த் தூளா வெளிய வந்த பிறகு, அதைத் திரும்பக் கொழுந்தாக்க ஏலுமா?"

"எப்பிடிங்க ஏலும்?"

"பாஸ்வேர்டையும் அப்படி அரைச்சுத் தூளாக்கித்தான் வெச்சிருக்கணும். அடுத்த முறை நீங்க அடிக்கிறதையும் அதே மாதிரி அரைச்சு, தூளும் தூளும் ஒன்றா என்டு பார்த்தாப் போதும். அப்படி வெச்ச செயலிக்கு உங்கட பாஸ்வேர்ட் என்னதென்டு தெரியவே தெரியாது. மறந்துட்டுது என்டா, புதுசா ஒன்று போடச் சொல்ல மட்டும்தான் அதுக்கு ஏலும். இந்தச் செயலி பழையதையே எடுத்து அனுப்புது. அப்ப இங்க தூள் இல்லை; கூடையில கொழுந்தாவே கிடக்கு. கூடையை எட்டிப் பார்க்கிற எவனும் அள்ளலாம்."

ரிஷியின் காது மடல்கள் சிவந்தன. "இது நான் முதல்ல வேற ஒரு இடத்துக்குக் கட்டினது, மெடம். அவங்க அப்படித்தான் வேணுமென்டு கேட்டாங்க. நிலையத்துக்கு அவசரமா வேணுமென்டதும் அதையே பேர் மாத்திக் குடுத்தேன். பூட்டு இருக்கு, மெடம். வெளிக்கதவுக்கு இருக்கு."

"புதன்கிழமைப் பதிவைக் காட்டுங்க."

ரிஷி தன் மடிக்கணினியைத் திருப்பி வைத்தான். யார், எப்போது உள்ளே வந்தார்கள் என்பதைச் செயலி வரிவரியாகக் குறித்து வைத்திருந்தது. உள்ளே வர முயன்று தோற்றவர்களையும் விட்டுவைக்கவில்லை. கம்சலாவின் மின்னஞ்சலையும் பாஸ்வேர்டையும் போட்டு யாரோ சரியாக நுழைந்திருந்தார்கள். அதற்குச் சற்று முன் அதே போனிலிருந்து ஒரு தோல்வி. மின்னஞ்சல் கேட்கும் இடத்தில் அந்த ஆள் ஒரு தொலைபேசி எண்ணை அடித்திருந்தான்.

"இது யார்ட நம்பர்?"

கம்சலா குனிந்து பார்த்தார். "அய்யோ, இது என் பழைய நம்பருங்க! போன வருசம் பஸ்ஸுல போன் தொலஞ்சப்பவே இந்த நம்பரு போயிருச்சு. இப்ப யாருகிட்டயும் இருக்காதே."

"யாரிட்டயோ இருக்கு," என்றார் றுஷ்தா.

அந்த நேரத்தில்தான் திரையில் புதிதாக ஒரு வரி முளைத்தது. ரிஷி நாற்காலியின் நுனிக்கு வந்தான். "மெடம்... கம்சலா அக்கா இப்ப உள்ளுக்கு வந்திருக்காங்க."

எல்லோரும் கம்சலாவைப் பார்த்தார்கள். அவருடைய இரண்டு கைகளும் மடியில் இருந்தன.

"யார் பக்கத்தைத் திறக்கிறான்?"

"லெட்சுமி. இந்தா... திறந்துட்டான்."

"கம்சலாவின் கணக்கை உடனே மூடுங்க," என்றார் றுஷ்தா. குரல் உயரவில்லை, ஆனால் எழுந்து நின்றிருந்தார். "ராத்தா, மொனராகலைக்குப் போன் போடுங்க. அந்த வீட்டில இனி ஒரு நிமிஷமும் அவள் நிற்கக் கூடாது. வேற எங்க கூட்டிட்டுப் போறாங்க என்டு உங்களுக்கும் சொல்ல வேணாம்."

ஜெமீலா எண்ணை இரண்டு முறை பிழையாக அழுத்தினார். "நான்... லெப்டொப்பையும் சாவியையும் வாங்கினேனே. கணக்கைப் பூட்டணும் என்டு எனக்குத் தோணவே இல்லையே."

ரிப்கான் பொலிஸுக்கு அழைத்தான். வடிவேலின் பெயரைச் சொன்னான். அவன் இப்போது எங்கே என்று அங்கே கேட்டபோது பதில் சொல்லத் தெரியவில்லை. தலைப்பு எழுதும் ஆசை போன இடம் தெரியவில்லை.

மொனராகலையில் லெட்சுமி பின்வாசலால் வெளியேறிவிட்டாள் என்று தெரிந்த பிறகுதான் றுஷ்தா மீண்டும் உட்கார்ந்தார்.

"கம்சலா, மறைக்காமச் சொல்லுங்க. இந்தப் பாஸ்வேர்டை வேற எங்கயாவது போட்டிருக்கீங்களா?"

"எல்லாத்துக்கும் ஒன்னுதாங்க. மக பேரும் பொறந்த வருசமும். எத்தனையங்க நெனப்புல வச்சிருக்கிறது?"

"பழைய நம்பரைக் குடுத்துக் கணக்குத் திறந்த இடம்?"

கம்சலா யோசித்தார். றுஷ்தாவின் பார்வை கம்சலாவின் காலடிக்குப் போயிற்று. அங்கே சிவப்புப் பை கிடந்தது. "செவ்வந்தி," என்றார் கம்சலா. "அங்க போன்லயே சேலை பாத்து ஓடர் போடலாங்க. நம்பரைத்தான் பேரா அடிக்கணும்."

ரிஷி கண்ணை மூடிக்கொண்டான். "அதுவும் நான் கட்டினதுதான்," என்றான். "முதல்ல கட்டினதென்டு சொன்னேனே, அது."

செவ்வந்தி ஜவுளி மாளிகை கூப்பிடு தூரத்தில் இருந்தது. வாசலில் றுஷ்தா எல்லோரையும் நிறுத்திவிட்டு ரிப்கானிடம் மெதுவாக ஏதோ சொன்னார். அவன் கடையின் எண்ணுக்கு அழைத்து, ஒலிபெருக்கியைப் போட்டான். கண்ணாடிக்கு அப்பால் கல்லாவுக்குப் பக்கத்துக் கணினியில் இருந்த மெலிந்த ஆள் போனை எடுப்பது தெரிந்தது. அது மிப்ரான், அந்தக் கடையின் ஓடர்களைக் கவனிப்பவன்.

"ஹலோ, ஜெமீலா மெடத்தின்ட மகன் பேசுறேன். உம்மாவுக்குப் பாஸ்வேர்ட் மறந்துட்டாம்."

"ஜெமீலா மெடம்? கைவிளக்கு மெடம்தானே! ஒரு நிமிஷம் தம்பி." தட்டச்சுச் சத்தம். "எழுதிக்கங்க. பாறூக். எல்லாம் இங்கிலீஷ் சின்ன எழுத்து. பின்னால கல்யாண வருஷம் போல ஒரு நம்பர் இருக்கு, சொல்லவா? வேற ஏதும் வேணுமா? புது வொயில் சேலை வந்திருக்கு."

பாறூக், ஜெமீலாவின் காலமான கணவர். கடைத்தெரு இரைச்சலுக்கு நடுவே அந்தப் பெயர் ஒலிபெருக்கியில் கேட்டதும் அவர் கண்ணாடிக் கதவைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு மகனே இல்லையே," என்றார் யாரிடம் என்றில்லாமல். பிறகு கம்சலாவின் பக்கம் திரும்பினார். "நிலையத்திலயும் என்ட பாஸ்வேர்ட் இதுதான். என்ட பேர்ல வந்தா எல்லாப் பிள்ளைகளின் விலாசமும் திறக்கும்."

கம்சலா கதவைத் தள்ளித் திறந்தார்.

உள்ளே போனதும் மிப்ரான் சிரித்த முகத்தோடு எழுந்தான். "வாங்க வாங்க மெடம்! இப்பத்தான் உங்கட மகன்..." ரிப்கானின் கையிலிருந்த போனைக் கண்டதும் சிரிப்புப் பாதியில் நின்றது.

"இங்க யார் கேட்டாலும் சொல்வீங்களா?" என்றார் றுஷ்தா.

"யார் கேட்டாலும் இல்லை மெடம், கஸ்டமர் கேட்டா! தோட்டத்து ஆட்கள் பாஸ்வேர்டை எங்க நினைவு வெச்சிருக்கப் போறாங்க? நினைவில்லை என்டு திருப்பி அனுப்பினா அடுத்த கடைக்குப் போயிருவாங்க. எங்கட முதலாளி சொல்லுவார், கஸ்டமர் மறந்ததைக் கடை மறக்கக் கூடாது என்டு. அதுக்குத்தானே ரிஷி தம்பியிட்டச் சொல்லித் திரையில தெரியிற மாதிரிச் செஞ்சது."

"சிக்னல் இல்லாத தோட்டத்தில இருக்கிறவங்க?"

"அவங்க லொறிக்காரரிட்டச் சொல்லி விடுவாங்க. அவர் இங்க வந்து கேட்டு, அடுத்த முறை போகக்குள்ள சொல்லுவார். அது எப்பவும் நடக்கிறதுதானே."

"கம்சலா அக்காவின் பாஸ்வேர்டை யார் கேட்டது?"

"போன கிழமையா? நம்மட வடிவேல் அண்ணன்தான் கேட்டார். லொறி போற வழியில அக்கா சொல்லிவிட்டாங்களாம். நம்பரும் மறந்துட்டாங்களாம். திரையில இருந்த நம்பரையும் பாஸ்வேர்டையும் துண்டில எழுதிக் குடுத்தேன்..." கம்சலாவின் முகத்தைப் பார்த்ததும் குரல் தளர்ந்தது. "ஏன் அக்கா? நீங்க சொல்லிவிடல்லயா?"

"நான் அவர ஒரு தடவதான் கண்டிருக்கேன், தம்பி," என்றார் கம்சலா. "அவரு பொஞ்சாதியக் கூட்டிட்டு வரப்போன அன்னைக்கு. கத்திய வச்சிக்கிட்டு வேனுக்குப் பின்னால ஓடியாந்தாரு."

மிப்ரான் சேலை அடுக்கில் சாய்ந்து நின்றான்.

"வடிவேல் உங்கட லொறிக்காரர் என்டு இவங்க யாருக்கும் தெரியாது," என்றார் றுஷ்தா. "ஒரு கடைக்கு லொறி ஓட்டுறான் என்டு மட்டும்தான் தெரியும். கம்சலா சேலை கொண்டுபோய்க் குடுத்தது செவ்வந்திப் பையில. வேனுக்குப் பின்னால ஓடி வந்த அன்டைக்கு அந்தப் பையைக் கண்டதும் அவனுக்கு விளங்கியிருக்கும், இந்த மனுசி நம்ம கடைக் கஸ்டமர் என்டு. கம்சலா, லெட்சுமிக்கு உங்கட விசிட்டிங் கார்ட் குடுத்திருந்தீங்களா?"

"மொத மொதல்ல பேசுனப்பவே குடுத்தேங்க. அரிசிப் பானைக்கு அடியில வச்சிருந்துச்சாம். கெளம்புற அவசரத்துல விட்டுட்டு வந்துருச்சு."

"அதில நிலையத்தின் இணைய முகவரியும் உங்கட மின்னஞ்சலும் இருக்கு. மற்றதை இந்தத் தம்பி எழுதிக் குடுத்தாச்சு. புதன்கிழமை அவன் முதல்ல நம்பரைப் போட்டிருக்கான். செவ்வந்தியில அப்படித்தானே பழக்கம். உள்ள விடல்ல. கார்டைப் பார்த்து மின்னஞ்சலைப் போட்டான். கதவு திறந்துட்டுது. அந்தப் பழைய நம்பர் உங்கட திரையில மட்டும்தான் மிச்சமிருந்தது, மிப்ரான். அதுதான் எங்களை இங்க கூட்டி வந்தது."

"அப்ப துரோகி என்டு ஒரு ஆளும் இல்லையா?" என்றான் ரிப்கான்.

"இல்லை தம்பி. மிப்ரான் மரியாதைக்குச் சொன்னார். ரிஷி அவசரத்துக்குப் பழைய சட்டையைத் திருப்பித் தைச்சார். கம்சலாவும் ஜெமீலா ராத்தாவும் எல்லாக் கதவுக்கும் ஒரே சாவி போட்டாங்க. ஒரு ஆளும் லெட்சுமிக்குக் கெடுதல் நினைக்கல்ல. நினைச்சவன் அவன் ஒருத்தன்தான். அவனுக்கு அதுவே போதுமா இருந்தது." அவர் மிப்ரான் பக்கம் திரும்பினார். "லொறி இப்ப எங்க?"

மிப்ரான் சுவரில் தொங்கிய பலகையைக் கையால் காட்டினான். வெள்ளிக்கிழமைக்கு நேரே சுண்ணாம்புக் கட்டியால் எழுதியிருந்தது: பண்டாரவளை, பெரகல, கொஸ்லந்த, மொனராகலை.

ரிப்கான் மறுபடி பொலிஸுக்கு அழைத்தான். இந்த முறை அவனிடம் பதில் இருந்தது.

அன்று பிற்பகல் பெரகல சந்தியில், சில்லறைக் கடையொன்றின் முன் பார்சல் இறக்கிக்கொண்டிருந்த வடிவேலைப் பொலிஸார் பிடித்தனர். ஆசனத்துக்குப் பின்னால் ஒரு மண்வெட்டி இருந்தது. தோட்டத்து மனிதனிடம் மண்வெட்டி இருப்பது குற்றமா என்று அவன் கேட்டான். அவனுடைய போனில் மொனராகலை விலாசத்தின் படம் இருந்தது.

திங்கட்கிழமை லெட்சுமி நீதிமன்றத்துக்கு வந்து சாட்சி சொன்னாள். பாதுகாப்புக் கட்டளை கிடைத்தது. வடிவேல் அடுத்த மாதம் பிணையில் வெளியே வந்தான்.

செவ்வந்தி, திரையில் பாஸ்வேர்ட் தெரிவதை நிறுத்தியது. சில வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார்கள். ரிஷி நிலையத்தின் செயலியை மூடிவிட்டு முதலிலிருந்து எழுதத் தொடங்கினான். ஜெமீலா கம்சலாவின் வீட்டுக்கே போய், சாவியையும் மடிக்கணினியையும் திருப்பிக் கொடுத்தார். கம்சலா தேநீர் கொடுத்தார், சாவியை வாங்கவில்லை.

லெட்சுமியின் அடுத்த விலாசம் எந்தக் கணினியிலும் பதியப்படவில்லை.